அப்பா செய்த கத்தி

அத்தியாயம் 11

போன வாரம் ராகேஷ் ஒரு பொய் சொன்னான். சின்னப் பொய்தான். தனக்குப் பார்த்திருக்கும் பெண் ஷர்மிளாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது வீட்டின் பின்பக்கத்திலிருந்து ணங் ணங் என்று சத்தம். என்ன அது என்று அவள் கேட்டாள். "எங்கப்பா. பொழுதுபோக்குக்குக் கத்தி செய்வார்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான்.

கத்தி செய்வது அவனுடைய அம்மா எழிலரசி. பட்டாபிராமில் அந்தத் தெரு முழுக்க அது தெரியும். முதல் வாரத்திலிருந்து படித்து வருகிற உங்களுக்கும் தெரியும். பூந்தமல்லியில் இருக்கும் பெண் வீட்டுக்கு மட்டும் தெரியாது.

பொய் சின்னதாக இருப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதைக் காப்பாற்ற ஒரு குடும்பமே இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கிறது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஷர்மிளாவின் அப்பா ஏகாம்பரமும் அம்மா கண்ணம்மாவும் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள்.

எழிலரசி விடியும் முன்பே எழுந்துவிட்டாள். வாரம் முழுக்க பட்டாபிராமில் ரயில் ஏறி, நின்றுகொண்டே சென்ட்ரல் போய், இன்சூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்து, மறுபடி நின்றுகொண்டே வீடு திரும்புகிறவள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் முதுகைச் சாய்க்கக் கிடைக்கும். இன்று அதுவும் இல்லை. கூட்டிப் பெருக்கினாள், சோபா உறையை மாற்றினாள், கேசரிக்கு ரவை வறுத்தாள்.

ரவை ஆறுவதற்குள் பின்பக்கம் போய் உலையைப் பற்ற வைத்தாள்.

உலை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தென்னை மரத்துக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே தகரக் கூரை, அதன் கீழே செங்கல்லை அடுக்கி ஒரு தொட்டி, கரி, காற்று ஊத ராகேஷ் தூக்கிப் போட்ட பழைய ஹேர் ட்ரையர். அடிப்பதற்கு ஒரு பட்டறைக்கல். ஆபீசில் கூட வேலை செய்யும் ஜேம்ஸ், நண்பர்கள் நாலைந்து பேரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தி செய்கிறவர். இரண்டு வருடம் முன்பு அவரிடம் காய்கறி நறுக்க ஒரு கத்தி வாங்கப் போன எழிலரசி, சாயங்காலம் வரை அங்கேயே நின்றுவிட்டாள். அடுத்த ஞாயிறும் போனாள். அப்புறம் இந்தத் தகரக் கூரை வந்தது.

ஏன் பிடித்தது என்று கேட்டால் அவளுக்கு நீட்டி முழக்கிச் சொல்லத் தெரியாது. இரும்பு அடிக்கும்போது அவளை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் அந்தச் சத்தத்தில் கேட்காது. அது ஒன்றே அவளுக்குப் போதுமாக இருந்தது.

லாரி ஸ்பிரிங் பட்டையிலிருந்து அடித்து இழைத்து வைத்திருந்த கத்தியைக் கரியில் செருகினாள். சிவந்து வந்ததும் இடுக்கியால் எடுத்து, பிரிட்ஜ் கதவிலிருந்து கொண்டுவந்த காந்தத்தைக் காட்டினாள். ஒட்டவில்லை. காந்தம் ஒட்டாத சூடுதான் சரியான சூடு. உடனே எண்ணெயில் முக்கினாள். தீபாவளிக்கு முறுக்குச் சுட்டு மிஞ்சிய எண்ணெய் அது. கத்தி உள்ளே போனதும் புகையோடு முறுக்கு வாசனை எழுந்தது.

"இன்னிக்குக்கூடவா?" என்று பின்னாலிருந்து குரல். வரதன் பல் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் அட்டைப்பெட்டி கம்பெனி சூப்பர்வைசர். எழிலரசியின் கணவர். இன்று ஒருநாள், கத்தி செய்கிறவர்.

"அரை மணி நேர வேலைங்க. பாதியில நின்னுடுச்சு, முடிச்சிட்டேன்."

"கையக் காட்டு. பாரு, நகமெல்லாம் கரி. அவங்க வந்தா கைய முந்தானைக்குள்ள வெச்சிக்க."

எழிலரசி இடுக்கியைத் துடைத்து மாட்டினாள். சோர்வாக இருக்கும்போது அவள் சண்டை போடுவதில்லை. சோர்வாக இல்லாத நாள் ஒன்று வரட்டும் என்று ரொம்ப நாளாக ஒத்திப்போட்டு வருகிறாள்.

எண்ணெயில் முக்கிய இரும்பு கண்ணாடி மாதிரி. கீழே விழுந்தால் உடைந்துவிடும். சும்மா வைத்திருந்தாலும் தானே விரிசல் விட்டாலும் விட்டுவிடும். அன்றைக்கே இளஞ்சூட்டில் இரண்டு மணி நேரம் வாட்டினால்தான் பதம் நிற்கும். அதற்கு அவளிடம் இருப்பது சமையலறையில் கேக் செய்கிற ஓவன் ஒன்றுதான். குளித்துவிட்டு வந்து கத்தியைத் துடைத்து ஓவனில் வைத்தாள். விருந்தாளிகள் பத்தரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் ஆகிவிடும் என்று கணக்குப் போட்டாள்.

அவர்கள் ஒன்பதே காலுக்கே வந்துவிட்டார்கள்.

ஏகாம்பரம் கேட்டரிங் காண்ட்ராக்டர். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எந்தக் கல்யாண மண்டபத்தில் கேட்டாலும் அவர் பிரியாணியைச் சொல்வார்கள். உட்காரும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"மெட்ரோக்காரன் ரோடெல்லாம் நோண்டிப் போட்டுக்கீறான், சீக்கிரமே கெளம்பிட்டோம். இன்னா சம்பந்தி, நீங்க கத்தி செய்வீங்களாமே? எம் பொண்ணு சொல்லிச்சு. நமக்கு முழு நேரமும் கத்தியோடதான் பொழப்பு. ஒண்ணு காட்டுங்க பாப்போம்."

நிச்சயம் ஆவதற்கு முன்பே சம்பந்தி என்று கூப்பிட்டதில் வரதனுக்கு முகம் மலர்ந்தது. ராகேஷ் ஓடிப்போய் ஒரு கத்தியை எடுத்து வந்து அப்பாவிடம் நீட்டினான். எழிலரசி செய்ததில் முதன்முதலாக உருப்படியாக வந்த கத்தி அது. வேப்பமரப் பிடி. அந்தப் பிடியை வழவழப்பாக்க மட்டும் ஒரு மாதம் தேய்த்திருக்கிறாள்.

வரதன் அதை வாங்கி, முனையை முன்னால் நீட்டியபடி ஏகாம்பரத்தின் கையில் கொடுக்கப் போனார்.

"கைல வாங்காத" என்றாள் கண்ணம்மா கணவனிடம். அதுவரை அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. "கத்திய கைக்குக் கை குடுத்தா சண்டை வரும். கீழ வெக்கச் சொல்லு."

வரதன் கத்தியோடு திகைத்து நின்றார். எழிலரசி அவர் கையிலிருந்து வாங்காமல், டீப்பாயைத் தொட்டுக் காட்டினாள். அவர் வைத்தார். அவள் ஒரு விரலால் அதைத் திருப்பி, பிடி ஏகாம்பரத்தின் பக்கம் வரும்படி செய்தாள். யோசிக்காமல் செய்த காரியம். கண்ணம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டிலிருந்த ஆப்பிளை ஏகாம்பரம் நறுக்கிப் பார்த்தார். "அட, வெண்ணெ மாதிரி போவுதே. எங்கூட்டு ஆளுங்க கைல இது கெடச்சா மூட்டை மூட்டையா வெங்காயம் வெட்டுவானுங்க. எப்படி சம்பந்தி செய்றீங்க?"

"அது ஒண்ணுமில்ல. காய்ச்சணும், அடிக்கணும். செவக்கச் செவக்கக் காய்ச்சி டக்குன்னு ஐஸ் தண்ணில போட்டுடணும்."

ராகேஷ் தரையைப் பார்த்தான். ஐஸ் தண்ணீரில் போட்டால் அந்த இரும்பு டிங் என்று இரண்டாகப் போகும். எழிலரசியின் முதல் மூன்று கத்திகள் சாதாரணத் தண்ணீரிலேயே அப்படித்தான் போயின. மூன்றாவது போனபோது கரி மூட்டை மேல் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அப்போது வரதன் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, எடத்தக் காட்டறேன்" என்று வரதன் எழுந்தார். ஆண்கள் மூவரும் பின்பக்கம் போனார்கள். கண்ணம்மா, "நான் சமையல்கட்டைப் பாக்கறேன் அண்ணி" என்று எழிலரசியோடு வந்தாள். வீடு பார்க்க வருகிற பெண்ணைப் பெற்றவள் வேறு எதைப் பார்ப்பாள்?

சமையலறை ஜன்னல் பின்பக்கத்தைப் பார்த்தது. அங்கே பேசுவது எல்லாம் உள்ளே கேட்டது.

"எடம் நல்லா கீது" என்றார் ஏகாம்பரம். "தப்பா நெனச்சிக்காதீங்க, ஒண்ணு கேக்கறேன். கல்யாணம் ஆனா புள்ளைங்களுக்குத் தனியா ஒரு ரூம் வோணாமா? ஊட்ல இருக்கறதே ரெண்டு ரூமு. இங்க ஒண்ணு கட்டி, பாத்ரூமோட போட்டா சூப்பரா இருக்கும்."

"போட்டுடலாம் சம்பந்தி." வரதன் குரலில் தயக்கமே இல்லை. "இதெல்லாம் சும்மா நேரம் போறதுக்கு வெச்சிக்கீறேன். அடுத்த மாசமே எடுத்துப் போட்டுட்டு கடகால் தோண்டிடலாம். எனக்கென்ன, இது இல்லன்னா இன்னொண்ணு."

எழிலரசி கேசரிக் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றாள். தன்னுடையது என்று சொல்லிக்கொண்ட மனுஷன், தன்னுடையதைப் போலவே அதை விட்டுக்கொடுத்தும் விட்டார். பொய் இந்த இடத்துக்கு வந்து நிற்கும் என்று அவள் நினைக்கவில்லை. மகனுக்காக ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருப்போம் என்றுதான் ஒப்புக்கொண்டாள். அழுகை வரவில்லை. உட்கார வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

"கேக் வெச்சிருக்கீங்களா அண்ணி?" ஓவனில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு கண்ணம்மா அதன் கைப்பிடியைத் தொட்டாள்.

"திறக்காதீங்க. இன்னும் நிறம் வரல. இப்பத் திறந்தா சூடு எறங்கிடும், பதம் நிக்காது."

சொல்லி முடித்த பிறகுதான் எழிலரசிக்கு உறைத்தது. நேற்று ராத்திரி உலையைப் பற்றி அப்பாவுக்குப் பாடம் நடத்திய ராகேஷ், நகத்தை மறைக்கச் சொன்ன வரதன், எல்லாவற்றுக்கும் தலையாட்டிய அவள், மூவருமே ஓவனை மறந்துபோனார்கள்.

கண்ணம்மா குனிந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். கம்பி மேல் பிடியில்லாத ஒரு கத்தி, வைக்கோல் நிறத்துக்கு மாறிக்கொண்டு. பிறகு நிமிர்ந்து எழிலரசியின் முன்கையைப் பார்த்தாள். முழங்கை வரை புள்ளி புள்ளியாகச் சூட்டுத் தழும்பு.

"நானும் பெரிய அடுப்புல வேல செய்றவதான். எண்ணெ தெறிச்சா வர்ற தழும்பு வேற" என்றாள். "நீங்கதானே அண்ணி?"

ஜன்னலுக்கு வெளியே ராகேஷ் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒரு மாதம் முன்பு அந்தப் பெண்ணோடு பேச ஆரம்பித்ததிலிருந்துதான் அவன் இப்படிச் சிரிக்கிறான். அம்பத்தூரில் ஐ.டி. வேலை, வீட்டுக்கு வந்தாலும் லேப்டாப், ஒரு வார்த்தை பேசினால் எரிந்து விழுவான். இப்போது சிரிக்கிறான்.

"இல்லீங்க. அவர்தான்" என்றாள் எழிலரசி. "நான் அடுப்பு மட்டும் பார்த்துப்பேன்."

கண்ணம்மா கேசரியை ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, "நெய் சரியா இருக்கு" என்றாள்.

கிளம்பும்போது வரதன் அந்த வேப்பமரப் பிடிக் கத்தியைக் காகிதத்தில் சுற்றி டீப்பாய் மேல் வைத்து, "இது உங்களுக்குத்தான் சம்பந்தி, எடுத்துக்கோங்க" என்றார். ஏகாம்பரம் ஆசையாகக் குனிந்தார். கண்ணம்மா தடுத்தாள்.

"வோணாம். அது அவங்க ஊட்டுப் பொருள். போய்ட்டுச் சொல்றோம்."

போய்ட்டுச் சொல்றோம். மகனைப் பெற்றவர்களுக்கும் மகளைப் பெற்றவர்களுக்கும் இந்த இரண்டு வார்த்தையின் கனம் தெரியும். கார் தெருமுனை திரும்பியதும் வரதன் ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா சொன்ன சமையல்கட்டுல? அந்தம்மா மூஞ்சியே மாறிப்போச்சு."

"நீங்க சொன்னதத்தான் சொன்னேன். நீங்கதான் செய்றீங்கன்னு."

எழிலரசி ஓவனை அணைத்துவிட்டு கத்தியை வெளியே எடுத்தாள். அழகான நிறம். இதுவரை செய்ததில் இதுதான் சிறந்தது என்று பார்த்ததுமே தெரிந்தது. யாரிடமும் காட்டவில்லை. துணியில் சுற்றி அரிசி டிரம் மேல் வைத்தாள்.

"ரூம் விஷயம் பேச்சுக்குச் சொன்னதுதான்" என்றார் வரதன், சாப்பிடும்போது. ரசத்தை ஊற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா என்னிக்கிருந்தாலும் எடுக்கத்தான வேணும். உனக்கும் வயசாவுது. இரும்ப அடிச்சிக்கினு" என்றார்.

"உங்களுதா இருந்தா எடுங்க" என்றாள் எழிலரசி.

குரலை உயர்த்தவில்லை. மோர் வேண்டுமா என்று கேட்கும் குரலில்தான் சொன்னாள். வரதன் அதற்குப் பிறகு தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். ராகேஷ் போனை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தான். ஷர்மிளாவிடமிருந்து ஒரு மெசேஜும் இல்லை.

"பேசாம நானாவது உண்மையச் சொல்லியிருக்கலாம்" என்றான் மெதுவாக.

"ஏன்டா சொல்லல?" என்று கேட்டாள் எழிலரசி. திட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"மாமியாரா வரப்போறவங்க கத்தி செய்றாங்கன்னு சொன்னா என்னம்மா நெனப்பாங்க? பயந்துட மாட்டாங்களா? எல்லாருக்கும் அம்மான்னா ஒரு இது இருக்கில்ல."

அந்த 'இது' எது என்று அவளுக்கும் தெரியும். இரண்டு வருடமாக அந்தத் தகரக் கூரைக்குக் கீழே மட்டும்தான் அவள் அந்த இதுவாக இல்லை. சொன்னால் புரியுமா என்று யோசித்தாள். பாத்திரம் தேய்க்க வேண்டியிருந்தது. எழுந்து போனாள்.

நாலு மணிக்கு எழிலரசியின் போன் அடித்தது. கண்ணம்மா.

"அண்ணி, தூங்கிட்டு இருந்தீங்களா? நான் நேராவே சொல்லிடறேன். எங்க ஊட்டுக்காரருக்கு உங்க எடம் ரொம்பப் புடிச்சிருக்கு. எனக்கும் புடிச்சிருக்கு. நான்தான் ஷர்மிகிட்ட நடந்தத சொன்னேன். ஓவன் விஷயம், உங்க கை, எல்லாம்."

எழிலரசி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "அண்ணி, அது வந்து..."

"நீங்க எதுக்கு மறைச்சீங்கன்னு எனக்குப் புரியுது. புள்ளைக்காக. நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன். அதனால உங்க மேல எங்களுக்கு ஒண்ணுமில்ல." கண்ணம்மா மூச்சு வாங்கினாள். "ஆனா எம் பொண்ணு ஒண்ணு கேக்கறா. பெத்த அம்மா செய்றத வெளில சொல்ல வெக்கப்படறவரு, நாளைக்கு நான் செய்றத யார் பேர்ல சொல்லுவாருன்னு கேக்கறா. எனக்குப் பதில் தெரியல அண்ணி."

கத்தி தெரிந்துவிட்டால் கல்யாணம் நின்றுவிடும் என்று மூன்று பேரும் பயந்தார்கள். இப்போது கத்தியை மறைத்ததுதான் குறுக்கே வந்து நிற்கிறது.

"இப்ப அவ ராகேஷுக்குப் போன் பண்ணுவா. அவர் என்ன சொல்றாரோ அதப் பாத்துட்டு முடிவு பண்றேன்னு சொல்லிட்டா. நீங்க எதுவும் சொல்லிக் குடுக்காதீங்க அண்ணி. அதுக்குத்தான் போன் பண்ணேன்."

வைத்துவிட்டாள்.

ராகேஷின் போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. எழிலரசி அங்கே போகும்போதே அது அதிர ஆரம்பித்துவிட்டது. திரையில் ஷர்மிளா பெயர். பிடுங்கி எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். ராகேஷ் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வரதன் சோபாவில், பேப்பருக்குப் பின்னால்.

"ஷர்மிளா" என்றாள். "அவங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு. உங்கிட்ட கேக்கத்தான் பண்றா."

ராகேஷ் முகம் வெளுத்தது. பேப்பர் கீழே இறங்கியது.

"அம்மா." அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்துவிட்டு வந்து நிற்கும்போது பார்ப்பானே, அதே பார்வை. "நீங்களே பேசிடுங்களேன். நீங்கதான் அப்பா பேரச் சொல்லச் சொன்னீங்கன்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா அவ கேட்டுப்பா."

"சொல்லிடேன்" என்றார் வரதன். "புள்ள வாழ்க்கை. ஒரு வார்த்தைதான?"

எழிலரசி போனைப் பார்த்தாள். சொல்லிவிடலாம். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியும், இன்று காலையில்கூடச் சொன்னாள். கால் வலித்தது. முதுகு வலித்தது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கல்யாணம் முடிவாகும், தகரக் கூரை போகும், அவளும் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

ராகேஷ் கையை நீட்டவில்லை. அவள் பேசுவாள் என்று காத்திருந்தான்.

அவள் அவன் கையில் கொடுக்கவில்லை. லேப்டாப்பை மூடினாள். போனை மேசை மேல் வைத்து, ஒரு விரலால் திருப்பி, பெயர் அவன் பக்கம் தெரியும்படி செய்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

போன் அதிர்ந்து அதிர்ந்து மேசை ஓரத்தை நோக்கி நகர்ந்தது. ராகேஷ் இன்னும் அதை எடுக்கவில்லை. பின்பக்கம் பழைய ஹேர் ட்ரையர் ஓடும் சத்தம் கேட்டது.